தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வரையறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுத உதவி கேட்டு வருபவர்கள், கட்டணம் எவ்வளவு, யாருக்கு அனுப்புவது, எத்தனை நாளில் பதில் வரும் என்பவற்றையே முதலில் விசாரிக்கிறார்கள். மனு மறுக்கப்பட்டுத் திரும்பும்போதோ அதற்கான காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. "நீங்கள் கேட்டது தகவல் அல்ல", "எங்கள் அமைப்பு இச்சட்டத்தின் வரம்புக்குள் வராது", "இது மூன்றாம் தரப்பினர் தொடர்பானது" என்ற மூன்று பதில்களும் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் உள்ள வரையறைகளை ஒட்டியே எழுதப்படுகின்றன. தமிழ்நாட்டின் அரசு அலுவலகங்களையும் உள்ளாட்சி அமைப்புகளையும் மனத்தில் கொண்டு, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன.

வரையறைப் பிரிவை நான் எதற்குப் படிக்க வேண்டும்? மனு எழுதினால் போதாதா?

2005-ஆம் ஆண்டின் 22-ஆம் எண் சட்டமாகிய இது, 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. இதற்கு முன்பே, 1997-இல், தமிழ்நாடு தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியிருந்தது. இப்போது நமக்குப் பொருந்துவது 2005-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதன் 22-ஆம் பிரிவின்படி, வேறு சட்டங்களில் இதற்கு முரணாக எது இருந்தாலும் இச்சட்டமே மேலோங்கி நிற்கும்.

பேச்சு வழக்கில் நாம் விரிவாகப் பயன்படுத்தும் பல சொற்களுக்கு இச்சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. மனுவில் உள்ள கோரிக்கை அந்த எல்லைக்குள் இருந்தால், அதை மறுக்க விரும்பும் அலுவலர் 8 அல்லது 9-ஆம் பிரிவில் உள்ள விலக்குகளில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். எல்லைக்கு வெளியே இருந்தால் விலக்கு எதையும் காட்டாமலேயே அவர் மறுத்துவிட முடியும். ஆகையால் மனுவின் முதல் வரியை எழுதுவதற்கு முன் 2-ஆம் பிரிவை ஒருமுறை படிப்பது வீண் வேலை அல்ல.

"தகவல்" என்றால் என்ன? எனக்குத் தெரியாத எதைக் கேட்டாலும் அது தகவல்தானே?

இல்லை. பிரிவு 2(எஃப்) தகவலை "எந்த வடிவிலும் உள்ள பொருள்" என்று வரையறுத்து, பதிவேடுகள், ஆவணங்கள், குறிப்பாணைகள், மின்னஞ்சல்கள், கருத்துகள், ஆலோசனைகள், சுற்றறிக்கைகள், ஆணைகள், ஒப்பந்தங்கள், அறிக்கைகள், மாதிரிகள், மின்னணு வடிவில் உள்ள தரவுகள் என ஒரு நீண்ட பட்டியலைத் தருகிறது. பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: அவை ஏற்கெனவே எங்கோ ஒரு வடிவில் இருப்பவை. காகிதத்திலோ கணினியிலோ கோப்பிலோ இல்லாத ஒன்றை உங்களுக்காகப் புதிதாக உருவாக்கித் தரும் கடமை அலுவலருக்கு இல்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பாக 2011-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதைத் தெளிவுபடுத்தியது. தேர்வு எழுதியவரின் விடைத்தாள் தகவலே என்றும், அதை அவர் பார்க்கலாம் என்றும் கூறிய அதே தீர்ப்பு, தொகுத்து வைக்கப்படாத விவரங்களைப் புதிதாகத் தொகுத்துத் தருமாறும், அலுவலர் தம் சொந்தக் கருத்தை எழுதித் தருமாறும் இச்சட்டத்தின்கீழ் கேட்க முடியாது என்றும் கூறியது. பட்டியலில் "கருத்துகள், ஆலோசனைகள்" என்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். கோப்பில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட கருத்தைத்தான் அது குறிக்கிறது.

எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை என்று கேட்டேன். "இது கேள்வி, தகவல் அல்ல" என்று பதில் வந்தது. இது நியாயமா?

நியாயம் வேறு, வரையறை வேறு. உங்கள் ஆதங்கம் முழுக்க நியாயமானது. ஆனால் "ஏன்" என்று தொடங்கும் கேள்விக்கு விளக்கம் எழுதித் தருவது 2(எஃப்) வரையறைக்குள் வராது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா கிளை 2008-இல் தீர்ப்பளித்தது. அலுவலர்கள் பலர் இன்றும் அந்த நிலைப்பாட்டையே பின்பற்றுகிறார்கள்.

இதே செய்தியை ஆவணமாகக் கேட்டால் நிலைமை மாறும். இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் ஊராட்சியின் வடக்குத் தெருவில் சாலை அமைப்பது தொடர்பாக 1.4.2022 முதல் இன்று வரை நிறைவேற்றப்பட்ட தீர்மானங்கள், தயாரிக்கப்பட்ட மதிப்பீடு, நிர்வாக அனுமதி ஆணை, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் தேவை. இவற்றில் எவையேனும் இல்லையெனில், இல்லை என்பதை வரிசை எண் வாரியாகத் தெரிவிக்கவும்." இப்போது இதில் ஒரு கேள்விகூட இல்லை. ஆனால் வரும் பதிலில் உங்கள் "ஏன்" என்பதற்கு விடை தானாகவே கிடைத்துவிடும். மதிப்பீடு இருந்து நிர்வாக அனுமதி இல்லை என்றால் கோப்பு எந்த மேசையில் நின்றது என்பது தெரிந்துவிடும். பட்டியல் தொகை வழங்கப்பட்டிருந்தால், போடாத சாலைக்குப் பணம் போயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அளவுப் புத்தகத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதுண்டு. "எம் புக்" என்று அலுவலகத்தில் சொல்லப்படும் அந்தப் புத்தகத்தில், செய்த வேலையின் நீளம், அகலம், கனம் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டு, அளந்தவரின் கையொப்பமும் தேதியும் இருக்கும். ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அந்தச் சாலையை அளந்து பார்ப்பதற்கு எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை.

ஓர் அதிகாரி எனக்கு எதிராகவே உத்தரவு போட்டிருக்கிறார். அப்போதும் காரணம் கேட்கக் கூடாதா?

கேட்கலாம். ஆனால் அதற்கான பிரிவு வேறு. நிர்வாக முடிவுகளுக்கும், நீதிமன்றம் போல் விசாரித்து எடுக்கும் முடிவுகளுக்கும் உரிய காரணங்களை, அவற்றால் பாதிக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் (அதாவது, இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசு அலுவலகம் போன்ற அமைப்பும்) தர வேண்டும் என்று பிரிவு 4(1)(டி) கட்டளையிடுகிறது. பட்டா மாறுதல் மனுவை வட்டாட்சியர் நிராகரித்திருந்தால், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, நிராகரிப்புக்கான காரணங்கள் பதிவாகியுள்ள ஆணையையும், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் அறிக்கைகளையும் கேளுங்கள். சாலை பற்றிக் கேட்டவருக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: உங்கள் பெயரில் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது.

கோப்பில் அதிகாரிகள் எழுதிக்கொள்ளும் குறிப்புகள் கிடைக்குமா?

கிடைக்கும். பிரிவு 2(ஐ), "பதிவேடு" என்பதில் ஆவணம், கையெழுத்துப் படி, கோப்பு, நுண்படச்சுருள், கணினி வழியாக உருவாக்கப்பட்ட பொருள் முதலியவற்றைச் சேர்க்கிறது. கோப்பு என்றால் முழுக் கோப்புதான். வந்த கடிதங்களும் போன கடிதங்களும் மட்டும் கோப்பு ஆகா. உதவியாளர் முதல் துறைத் தலைவர் வரை எழுதிய குறிப்புப் பக்கங்களும் அதன் பகுதியே. எனவே மனுவில் "குறிப்புப் பக்கங்கள் உட்பட" என்ற சொற்களைச் சேர்த்துவிடுங்கள், கோப்பை அடையாளம் காட்டும் ந.க. எண் தெரிந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

நகல் மட்டும்தான் கேட்க முடியுமா? வேலை நடக்கும் இடத்தைப் போய்ப் பார்க்க முடியாதா?

பார்க்கலாம். "தகவல் பெறும் உரிமை" என்பதையே பிரிவு 2(ஜே) தனியாக வரையறுக்கிறது. பணிகளையும் ஆவணங்களையும் பதிவேடுகளையும் நேரில் ஆய்வு செய்தல், குறிப்பு எடுத்தல், ஆவணப் பகுதிகளும் சான்றிட்ட நகலும் பெறுதல், பொருள்களின் சான்றிட்ட மாதிரிகளை எடுத்தல், கணினியில் உள்ளவற்றை மின்னணு வடிவிலோ அச்சுப்படியாகவோ பெறுதல் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். சாக்கடை கட்டும் இடத்தில் கலவையின் மாதிரியை, உரிய சான்றுடன் எடுத்துத் தருமாறு கேட்பதற்கு இந்த வரையறையே ஆதாரம். மிகக் குறைவாகப் பயன்படும் உரிமை இது என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கேட்ட வடிவில் தருவது அலுவலகத்தின் வேலைகளை அளவுக்கு மீறிப் பாதிக்கும் என்றால், வேறு வடிவில் தரலாம் என்று பிரிவு 7(9) அனுமதிக்கிறது. ஆயிரம் பக்கம் நகல் கேட்டவரை நேரில் வந்து பார்க்கச் சொல்வது இதன்படி ஏற்கத்தக்கது. அந்தப் பிரிவைக் காட்டி முழுவதுமாக மறுப்பது ஏற்கத்தக்கதல்ல.

பொது அதிகார அமைப்பு என்றால் கலெக்டர் ஆபீஸ் போன்ற இடங்கள் மட்டுமா? பஞ்சாயத்தும் வருமா?

வரும். பிரிவு 2(எச்) நான்கு வழிகளில் உருவாகும் அமைப்புகளைச் சொல்கிறது: அரசமைப்புச் சட்டத்தால் அல்லது அதன்கீழ் அமைந்தவை, நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தவை, மாநிலச் சட்டமன்றத்தின் சட்டத்தால் அமைந்தவை, அரசின் அறிவிக்கையாலோ ஆணையாலோ அமைந்தவை. அந்த வரையறையின் தொடக்கத்திலேயே "தன்னாட்சி நிறுவனம்" என்பதும் இடம்பெற்றிருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆம் உறுப்பு ஊராட்சியைத் தன்னாட்சி நிறுவனம் என்றே வரையறுக்கிறது. தமிழ்நாட்டின் ஊராட்சிகள் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி இயங்குபவை. ஆகவே கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எதற்கும் ஐயம் வேண்டாம்.

இந்த நான்கு வழிகளுக்கு அப்பால், அரசுக்குச் சொந்தமான, அரசால் கட்டுப்படுத்தப்படும், அல்லது கணிசமாக நிதியளிக்கப்படும் அமைப்புகளும், கணிசமான அரசு நிதி பெறும் தொண்டு நிறுவனங்களும் இதில் சேர்கின்றன. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

அரசு உதவி பெறும் பள்ளிக்கு மனு போடலாமா? "நாங்கள் தனியார் நிர்வாகம்" என்கிறார்கள்.

நிர்வாகம் தனியாரிடம் இருப்பது மட்டுமே விடையாகாது. நிதி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம், "கணிசமான" என்பதற்குப் பாதிக்கு மேல் என்று பொருளில்லை என்றும், பெரும் பங்கு என்பதே பொருள் என்றும், நேரடியாகப் பணமாகத் தராமல் சலுகை விலையில் நிலம் தருவதுகூட மறைமுக நிதியளிப்பாகலாம் என்றும் விளக்கியது. ஆசிரியர்களின் ஊதியத்தை அரசே ஏற்கும் பள்ளிகள் இந்த அளவுகோலைப் பெரும்பாலும் நிறைவு செய்யும். இருப்பினும் ஒவ்வொரு பள்ளியின் கணக்கையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதால், மேல்முறையீடு வரை போக நேர்ந்தால், பள்ளிக்கு வழங்கப்பட்ட மானியத் தொகை பற்றிய ஆவணத்தைக் கல்வித் துறையிடமிருந்து முதலில் பெற்று வைத்துக்கொள்வது நல்லது.

கூட்டுறவுச் சங்கம் "நாங்கள் வரமாட்டோம்" என்கிறது. ரேஷன் கடை இருப்பு விவரம் வேண்டும். என்ன செய்வது?

கேரளத்தின் தலப்பலம் சேவைக் கூட்டுறவு வங்கி தொடர்ந்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்டதாலேயே ஒரு சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று கூறியது. சட்டத்தால் உருவாக்கப்பட்ட அமைப்பு வேறு, உறுப்பினர்கள் உருவாக்கிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொண்ட அமைப்பு வேறு. பதிவாளருக்குள்ள மேற்பார்வை அதிகாரமும் வரையறை கேட்கும் அளவுக்கான கட்டுப்பாடு ஆகாது. எனவே சங்கம் தருகிற பதிலை எளிதில் புறந்தள்ள முடியாது.

ஆனால் தலப்பலம் தீர்ப்பே மாற்று வழியையும் காட்டுகிறது. கூட்டுறவுப் பதிவாளர் ஐயமின்றிப் பொது அதிகார அமைப்பு. அவர் சட்டப்படி சங்கத்திடமிருந்து கேட்டுப் பெறக்கூடிய தகவலை, நாம் அவரிடம் கேட்கலாம். ரேஷன் கடையைப் பொறுத்தவரை இன்னும் எளிய வழி உண்டு. கடையை நடத்துவது சங்கமாக இருந்தாலும், பொருள் ஒதுக்கீடும் ஆய்வும் குடிமைப் பொருள் வழங்கல் துறையின் பொறுப்பு. உங்கள் கடைக்கான மாதாந்திர ஒதுக்கீடு, ஆய்வு அறிக்கைகள் ஆகியவற்றை வட்ட வழங்கல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம், அதாவது இத்தகைய மனுக்களுக்குப் பதில் தரும் பொறுப்புள்ள அலுவலரிடம், கேளுங்கள்.

அப்படியானால் முழுக்கத் தனியாரான பள்ளி, கம்பெனி பற்றியும் இப்படிக் கேட்கலாமா?

கேட்கலாம். 2(எஃப்) வரையறையின் கடைசிப் பகுதி, வேறு ஏதேனும் சட்டத்தின்கீழ் பொது அதிகார அமைப்பு ஒன்று பெறக்கூடிய தனியார் அமைப்பு பற்றிய தகவலும் தகவலே என்று சொல்கிறது. எந்தச் சட்டத்தின்படி அந்த அலுவலகம் அதைப் பெற முடியும் என்பதை மனுவில் குறிப்பிடுவது உங்கள் கோரிக்கையை வலுவாக்கும். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்கீழ் ஒரு பள்ளிக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் எவ்வளவு என்பதைப் பள்ளியிடம் கேட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, அதை நிர்ணயித்த அமைப்பிடமே கேட்கலாம்.

யார் பெயருக்கு அனுப்புவது? பொதுத் தகவல் அலுவலர் யார் என்றே தெரியவில்லை.

பெயர் தேவையில்லை. "பொதுத் தகவல் அலுவலர்" என்ற பதவியையும் அலுவலகத்தின் முகவரியையும் எழுதினால் போதும். உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்தால், பதிலுக்கான கால அளவில் ஐந்து நாள் கூடும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது.

"அந்தப் பிரிவு எழுத்தர் கோப்பைத் தரவில்லை, நான் என்ன செய்ய?" என்று பொதுத் தகவல் அலுவலர் கைவிரிப்பதும் உண்டு. பிரிவு 5(5)-இன்படி, அவர் யாருடைய உதவியை நாடினாரோ அந்த அலுவலரும் பொதுத் தகவல் அலுவலராகவே கருதப்படுவார். தாமதத்துக்கான தண்டத் தொகை, நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, அவர்மீதும் விழக்கூடும்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் லெட்டர்பேடில் மனு போட்டோம். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

3-ஆம் பிரிவு இந்த உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. சங்கமும் நிறுவனமும் குடிமக்கள் அல்ல. சங்கத்தின் தலைவரோ செயலாளரோ தம் சொந்தப் பெயரில், குடிமகன் அல்லது குடிமகள் என்ற முறையில், கையெழுத்திட்டு அனுப்பினால் தடை நீங்கிவிடும்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதச் சொல்கிறார்கள்.

எழுத வேண்டியதில்லை. தொடர்பு கொள்ளத் தேவையான விவரங்களைத் தவிர எந்தக் காரணத்தையும் மனுதாரரிடம் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) தெளிவாகச் சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றில் காரணம் தேவை என்பது போன்ற கருத்து இடம்பெற்று, சில நாள்களிலேயே நீதிமன்றம் தானாக முன்வந்து அதை நீக்கிவிட்டது. அந்தப் பழைய செய்தியை யாராவது காட்டினால், நீக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை. மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா?

ஆம். 7-ஆம் பிரிவின்படி, மனு கிடைத்த 30 நாள்களுக்குள், உயிர் அல்லது தனிமனிதச் சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரத்துக்குள், முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் அது மறுப்பாகவே கருதப்படும். அதன்பின் தரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது. அங்கிருந்து 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கும் 30 நாள்களில், நீட்டித்தால் 45 நாள்களில், முடிவு வர வேண்டும். அடுத்து 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு.

பலர் இரண்டாம் மேல்முறையீட்டுக்குப் பதிலாக 18-ஆம் பிரிவின்கீழ் புகார் அனுப்பிவிடுகிறார்கள். புகாரின் பேரில் தண்டம் விதிக்கலாம், தகவலைத் தரச் சொல்லி ஆணையிட முடியாது என்று மணிப்பூர் தொடர்பான 2011-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தகவல் கைக்கு வர வேண்டுமானால் 19-ஆம் பிரிவுதான் வழி. மறுத்தது சரியே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் அந்தப் பிரிவின்படி அலுவலருடையது.

பக்கத்து வீட்டின் கட்டட அனுமதி வரைபடத்தைக் கேட்டேன். "மூன்றாம் தரப்பு சம்மதிக்கவில்லை" என்று மறுத்துவிட்டார்கள்.

மனுதாரர் அல்லாத எவரும், வேறொரு பொது அதிகார அமைப்பும்கூட, பிரிவு 2(என்)-இன்படி மூன்றாம் தரப்பே. ஆனால் மூன்றாம் தரப்பினர் தொடர்பானது என்பது மட்டும் விலக்கு ஆகாது. அவர் தந்து, அவர் இரகசியமாகக் கருதிய தகவலை வெளியிட எண்ணும்போது, ஐந்து நாள்களுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் கருத்துரைக்கப் பத்து நாள் தர வேண்டும் என்பதே 11-ஆம் பிரிவின் நடைமுறை. கேட்பது அவர் கருத்து, முடிவெடுப்பது அலுவலர். "சம்மதிக்கவில்லை" என்ற ஒற்றை வரிப் பதிலில் அலுவலர் தம் முடிவை எடுக்கவே இல்லை. எந்த விலக்கின்கீழ் மறுக்கப்பட்டது என்று கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள்.

"தனிப்பட்ட தகவல்" என்று எழுதிவிட்டால் எதையும் மறுத்துவிடலாமா?

இது இப்போது கடினமாகிவிட்ட பகுதி. பிரிவு 8(1)(ஜே) முன்பு, பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட தகவலை மட்டுமே விலக்கியது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்று மட்டும் நிறுத்தியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தின் இருபது ஆண்டு வரலாற்றில் மக்களுக்கு இழப்பு தந்த மாற்றங்களில் இதை முதன்மையானதாகவே நான் கருதுகிறேன்.

இருந்தும் மூன்று பிடிகள் மிச்சம் இருக்கின்றன. பாதுகாக்கப்படும் நலனுக்கு நேரும் தீங்கைவிட வெளியிடுவதில் உள்ள பொது நலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்னும் 8(2) மாறவில்லை. அலுவலர்களின் மாத ஊதியம், மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரம் போன்றவற்றைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்னும் 4(1)(பி) மாறவில்லை. விலக்குள்ள பகுதியை மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்னும் 10-ஆம் பிரிவும் மாறவில்லை. எனவே மனுவிலேயே பொது நலன் என்ன என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். காரணம் தேவையில்லை என்று முன்பு சொன்னதற்கு இது முரண் அல்ல. கேட்கும் தகுதிக்குக் காரணம் வேண்டாம். விலக்கைத் தாண்டுவதற்குப் பொது நலனைக் காட்டுவது பயன் தரும்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்று எழுதிவிட்டார்கள். இல்லாததைக் கேட்க முடியாது என்று நீங்களே சொன்னீர்களே?

உருவாக்கப்படாத ஆவணமும் தொலைந்துபோன ஆவணமும் ஒன்றல்ல. 2(ஜே), அமைப்பின் வசம் உள்ள அல்லது அதன் கட்டுப்பாட்டில் உள்ள தகவல் என்கிறது. ஒருமுறை உருவாகி அலுவலகத்தில் இருந்த கோப்புக்கு அந்த அலுவலகமே பொறுப்பு. காணவில்லை என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது என்றும், தேடுவதற்கும் பொறுப்பானவரைக் கண்டறிவதற்கும் விசாரணை நடத்தச் சொல்லலாம் என்றும் டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் கூறியது. விலக்குகளின் பட்டியலில் "காணவில்லை" என்று ஒன்று கிடையாது.

மேல்முறையீட்டில் நான்கைக் கேளுங்கள்: அந்தக் கோப்பு கடைசியாக யார் வசம் இருந்தது என்பதற்கான பதிவேட்டுப் பக்கம், பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல், அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பதற்கான ஆணை, வேறு அலுவலகத்துக்கு அனுப்பிய நகல்களைக் கொண்டு கோப்பை மீண்டும் உருவாக்க எடுத்த நடவடிக்கையின் குறிப்பு. இவை நான்கும் 2(எஃப்) வரையறைக்குள் வரும் ஆவணங்களே.